கோல்கும்பஸ்ல கத்திட்டு வந்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல கர்நாடகாவுல இருக்குற பீஜப்பூர் (இப்ப விஜயபுரா), ஆதில் ஷா சுல்தானுங்களோட பழைய தலைநகரம், அதப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா எழுதினவர் அங்க சுல்தான் முகம்மது ஆதில் ஷாவோட சமாதியான கோல்கும்பஸுக்குள்ள போனாரு, மாடி ஏறினாரு, கைதட்டினாரு, ஏழு தடவ எதிரொலி கேட்டாரு, கீழ இறங்கி சோளரொட்டி சாப்பிட்டாரு, அவ்ளோதான் கட்டுரை. நடுவுல "உலகத்துலயே ரெண்டாவது பெரிய குவிமாடம்"னு ஒரு வரி, பாதில நின்னுபோன சமாதி பாரா கமான் பத்தி ஒரு கட்டுக்கதை, கடைசில "நமக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லன்னாலும் ஒரு தடவ பாத்துட்டு வரலாம்"னு ஒரு முடிப்பு. அந்தக் கடைசி வரியப் படிச்சதும்தான் இந்த லெட்டர் எழுத உக்காந்தேன், ஏன்னா நான் செஞ்சிக்காரன், செஞ்சிக்காரன்கிட்ட வந்து பீஜப்பூருக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னா எப்படி சார் சும்மா இருக்க முடியும்.

அதுக்கு முன்னாடி அந்த "ரெண்டாவது பெரிய குவிமாடம்" கணக்க முடிச்சிடுறேன். இது உங்க கட்டுரையில மட்டும் வந்தது இல்ல, அங்க இருக்குற கைடுங்க, யூடியூப் ஆளுங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, ரோம்ல இருக்குற செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்கு அடுத்தது இதுதான்னு. கோல்கும்பஸ் குவிமாடத்தோட உள் குறுக்களவு சுமார் 38 மீட்டர். செயின்ட் பீட்டர்ஸ் 41 மீட்டர் சொச்சம், சரி. ஆனா அதே ரோம்ல பாந்தியன்னு கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முந்தின கட்டடம் ஒன்னு இருக்கே, அது 43 மீட்டர். ஃப்ளோரன்ஸ் கதீட்ரலும் இத விடப் பெருசுதான். அப்புறம் எப்படி ரெண்டாவது ஆகும்? கோல்கும்பஸோட நிஜமான பெருமை வேற இடத்துல இருக்கு. உள்ள ஒரு தூண்கூட இல்லாம 41 மீட்டருக்கு 41 மீட்டர்னு ஒரே ஹால், 18,000 சதுர அடிக்கு மேல தரை, அத்தனையும் ஒரே குவிமாடத்துக்குக் கீழ. பாந்தியன் வட்டமா இருக்குறதால அதோட தரை இத விடக் கம்மி. இத 19ஆம் நூற்றாண்டுலயே ஃபெர்குசன்னு கட்டடக்கலை வரலாறு எழுதின ஒரு வெள்ளைக்காரர் ஒப்பிட்டு எழுதிட்டார். பொய்யா ஒரு ரேங்க் குடுக்குறதுக்கு இந்த உண்மையவே போட்டிருக்கலாம்.

அந்த ஹால் எப்படி நிக்குதுங்கிறதுதான் எனக்கு எப்பவும் பெரிய ஆச்சரியம், உங்க கட்டுரையில அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கீழ சதுரம், மேல வட்டம், ரெண்டையும் சேக்குறதுதான் எந்தக் குவிமாடத்துலயும் தலைவலி பிடிச்ச வேலை. நம்ம வீட்டு வாசல்ல ஒரு சதுரம் போட்டு அதுமேலயே இன்னொரு சதுரத்தத் திருப்பிப் போட்டா எட்டு முனை நட்சத்திரக் கோலம் வரும்ல, அதேதான் அங்க கல்லுலயும் சுண்ணாம்புலயும் பண்ணியிருக்காங்க. சுவத்துலருந்து எட்டு பெரிய வளைவு எழும்பி ஒன்ன ஒன்னு குறுக்க வெட்டிட்டுப் போகுது, அது வெட்டுற இடமெல்லாம் முன்னாடி தள்ளிகிட்டு வந்து மேல எட்டு முனைக்குள்ள ஒரு வட்டத்த உண்டாக்குது, அந்த வட்டத்து மேல குவிமாடம் உக்காந்திருக்கு. இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. அவ்ளோ பெரிய குவிமாடம் சுவத்த வெளிப்பக்கமாத் தள்ளத்தான் பாக்கும், ஆனா முன்னாடி நீட்டிகிட்டு இருக்குற இந்த வளைவுங்களோட பாரம் உள்பக்கமா இழுக்குது, ரெண்டும் ஒன்னுக்கொன்னு சரியாப் போயிடுது. குவிமாடம் செங்கல்லும் சுண்ணாம்பும், அடிப்பக்கம் சுமார் 10 அடி கனம். 1656லருந்து அப்படியே நிக்குது.

முன்னாடி நீட்டின அந்த இடம்தான் நம்ம ஆளுங்க போய் கத்துற கேலரி. 11 அடி அகலத்துல குவிமாடத்துக்கு உள்பக்கமா சுத்தி ஓடுது. இந்தப் பக்கம் சுவத்தோரம் மெதுவா பேசினா அந்தக் கோடில இருக்குறவங்களுக்குத் தெளிவா கேக்கும், அதான் அதோட அழகே. ஆனா ஸ்கூல் டூர் பஸ் நாலு வந்து நின்னுடுச்சுன்னா முடிஞ்சுது, விசிலும் கூச்சலும் ஏழு ஏழா திரும்பி வந்து காதக் கிழிச்சிடும், மெதுவா பேசிப் பாக்குற யோகம் யாருக்கும் கிடைக்காது. காலைல கதவு திறந்த உடனே போனாதான் உண்டு. நாலு மூலையில ஏழு மாடி கோபுரம் இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குற குறுகலான படியிலதான் ஏறணும், முட்டிவலி இருக்குறவங்க யோசிச்சிக்கோங்க.

கீழ நடுவுல மேடை மேல மரப்பந்தலுக்கு அடியில சமாதிங்க இருக்கு. நிஜ கல்லறை அதுக்குக் கீழ நிலவறையில, மேல இருக்குறது அடையாளம்தான். மன்னர் முகம்மது ஆதில் ஷா, அவரோட ரெண்டு மனைவிங்க, மகள், பேரன், அப்புறம் ரம்பான்னு ஒரு நாட்டியக்காரி. ரம்பா பத்தி ஊர்ல ஆயிரம் கதை சொல்வாங்க, அதெல்லாம் விடுங்க. ராஜா குடும்பத்துக்குப் பக்கத்துல ஒரு நாட்டியக்காரிக்கும் சமமா இடம் குடுத்துப் படுக்க வெச்சிருக்காங்கங்கிறதே எனக்குப் போதும். மன்னர் 1627ல பட்டத்துக்கு வந்தவர், 1656ல இறந்தார், அவரு போனதோட கும்பஸ் வேலையும் நின்னுடுச்சு. கட்டினவர் தாபோல்காரர் யாகூத், கொங்கணக் கரையில இருக்குற தாபோல் துறைமுகம்.

இப்ப பாரா கமான். அப்பாவோட கும்பஸ விடப் பெருசா மகன் தனக்கு சமாதி கட்ட ஆரம்பிச்சானாம், அதோட நிழல் தன் சமாதி மேல விழுந்துடும்னு அப்பா மகனையே கொன்னுட்டாராம். நீங்களும் அப்படியே போட்டுட்டீங்க. மகன் ரெண்டாம் அலி ஆதில் ஷா பட்டத்துக்கு வந்ததே அப்பா செத்ததுக்கு அப்புறம், அதே 1656ல. அவரு இறந்தது 1672ல. 16 வருஷத்துக்கு முன்னாடி செத்த அப்பா எங்கருந்து வந்து மகனக் கொல்றது? வேலை நின்னதுக்கு ராஜ்யத்தோட நிலைமையே காரணம் சொல்லும், வடக்க மொகலாயர், மேக்க சிவாஜி, ரெண்டு பக்கமும் நெருக்கடி, கஜானா காலி. இன்னிக்கு மேல கூரையே இல்லாம கருங்கல் வளைவுங்க வரிசையா நிக்குது, போட்டோ எடுக்க நல்ல இடம்னு எல்லாரும் போறாங்க, நானும் எடுத்திருக்கேன்.

நீங்க ஒரு வரில கடந்து போன இப்ராகிம் ரோஜாதான் அந்த ஊர்லயே ரொம்ப நுணுக்கமான வேலைன்னு நான் சொல்வேன். சொல்லப்போனா கோல்கும்பஸ்ல பிரம்மாண்டம் இருக்கு, நகாசு வேலை கம்மி. இப்ராகிம் ரோஜாவுல நகாசுதான் எல்லாமே. ஒரே மேடையில ஒரு பக்கம் சமாதி, எதிர்ப்பக்கம் மசூதி, நடுவுல நீரூற்றுத் தொட்டி. ரெண்டாம் இப்ராகிம் ஆதில் ஷா காலத்துல மாலிக் சந்தல்ங்கிறவர் பொறுப்புல கட்டினது, ராணி தாஜ் சுல்தானாவுக்குன்னு தொடங்கின வேலை, கடைசில மன்னர், ராணி, மன்னரோட அம்மா, பிள்ளைங்கன்னு குடும்பமே அங்க இருக்கு. சமாதி அறையோட ஜன்னலப் பாக்கணும். கல்லுல அரபி எழுத்து வெட்டி, அந்த எழுத்துக்கு இடையில இருக்குற ஓட்டை வழியாத்தான் வெளிச்சம் உள்ள வருது. உள்ள தலைக்கு மேல பாத்தா தட்டையான கல் கூரை, வளைவும் இல்ல தாங்கு கட்டையும் இல்ல, கல்லு பக்கத்துல கல்லா சுண்ணாம்ப வெச்சு ஒட்டினா மாதிரி நிக்குது, இன்ஜினியருங்களே நின்னு நின்னு பாக்குறாங்க. எதிர்ல மசூதியில ஒரே கல்லுல செதுக்கின சங்கிலி தொங்கும். தாஜ்மஹாலுக்கே இதுதான் இன்ஸ்பிரேஷன்னு கைடு சொல்வார், அதெல்லாம் பேச்சு. தாஜ்மஹால் வேலை தொடங்கினது 1632ல, இது அதுக்கு முன்னாடியே எழும்பிடுச்சு, அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.

அந்த ரெண்டாம் இப்ராகிம் இருக்காரே, அவரப் பத்தி தனியா ஒரு வாரம் போடலாம் நீங்க. 1580ல சின்னப் பையனா பட்டத்துக்கு வந்து 1627 வரைக்கும் ஆண்டார், ஆரம்பத்துல முந்தின சுல்தானோட மனைவி சாந்த் பீபிதான் ராஜ்யத்தப் பாத்துகிட்டாங்க. வளந்ததுக்கு அப்புறம் சங்கீதப் பைத்தியம். தக்கினியில, அதாவது தக்காணத்துல பேசின பழைய உருதுல, அவரே பாட்டு எழுதினார், ஒவ்வொன்னும் இன்ன ராகம்னு குறிச்சு, அந்தத் தொகுப்பு சரஸ்வதி வணக்கத்தோடதான் ஆரம்பிக்குது, இன்னொரு பாட்டுல பிள்ளையார அப்பான்னும் சரஸ்வதிய அம்மான்னும் பாடுறார். அவரோட தம்பூராவுக்கு மோதி கான்னு பேரு வெச்சிருந்தார், யானைக்கு ஆதஷ் கான். ஜனங்க அவர ஜகத்குருன்னு கூப்பிட்டாங்க. 1599ல ஊருக்கு மேக்கால நவ்ரஸ்பூர்னு பாட்டுக்காரங்களுக்கும் கலைஞர்களுக்கும்னே ஒரு புது நகரம் கட்ட ஆரம்பிச்சார், 1624ல அகமதுநகர் தளபதி மாலிக் அம்பர் வந்து அத நாசம் பண்ணிட்டார், இப்ப அங்க இடிபாடுதான். இந்தக் காலத்துல வாட்ஸப்ல சுத்துற சுல்தான் கதைங்களப் படிச்சிட்டு இவரப் பத்திப் படிச்சா தலை சுத்தும்.

தலைக்கோட்டைச் சண்டை கதையும் அப்படித்தான். 1565ல சுல்தானுங்க ஒன்னு சேந்து விஜயநகரத்த அழிச்சாங்க, அது நடந்தது, அத யாரும் மறைக்க வேண்டாம். அந்தக் கொள்ளைல வந்த காசுலதான் பீஜப்பூர் கோட்டைச் சுவரும் ஜும்மா மசூதியும் எழும்புச்சுன்னு சொல்றது நியாயம்தான். ஆனா அதே முதலாம் அலி ஆதில் ஷா, சண்டைக்கு சில வருஷம் முன்னாடி, விஜயநகரத்த அப்ப ஆண்ட ராமராயரோட மகன் இறந்தப்ப நேர்லயே விஜயநகரம் போய் துக்கம் கேட்டவர், ராமராயர் வீட்டம்மா அவர மகன் மாதிரி ஏத்துகிட்டாங்கன்னு பீஜப்பூர்ல இருந்து எழுதின வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தாவே சொல்றார். அவங்களுக்குள்ள இருந்தது ராஜ்யச் சண்டை, எல்லைச் சண்டை, கூட்டணி மாறுற சண்டை, நம்ம ஊர் தேர்தல் பாத்தவங்களுக்கு இது புரியாமப் போகாது. அந்த ஜும்மா மசூதிய அவசியம் பாருங்க, அலங்காரமே இல்லாம வரிசை வரிசையா வளைவு, வெளிச்சம் அதுல படுற விதமே போதும். அலங்காரம் எல்லாம் மேற்குச் சுவத்து மிஹ்ராப்ல, அதாவது தொழுகைத் திசையக் காட்டுற மாடத்துல மட்டும், 1636ல முகம்மது ஆதில் ஷா காலத்துல தங்கப்பூச்சுல எழுதினது. தரையில ஒரு ஆளு நின்னு தொழுகிற அளவுக்குக் கட்டம் கட்டமா 2,000க்கு மேல வரைஞ்சிருக்கும், அது ஊரப் பிடிச்சதுக்கு அப்புறம் அவுரங்கசீப் பண்ணின வேலைன்னு சொல்றாங்க.

மாலிக்-இ-மைதான் பீரங்கிய உங்க ஆளு "பெரிய பீரங்கி"ன்னு போட்டு விட்டுட்டார். 1549ல அகமதுநகர்ல வார்த்தது, வார்த்தவர் முகம்மது பின் ஹசன் ரூமின்னு துருக்கி வழி ஆளு, எடை சுமார் 55 டன், வாய்ப்பக்கம் சிங்கம் வாயத் திறந்துகிட்டு இருக்கும், பல்லுக்கு இடையில ஒரு யானை நசுங்கிகிட்டு இருக்கும். வெள்ளைக்காரன் 1854ல அத ஏலத்துக்கு விட்டானாம், 150 ரூபாய்க்கு மேல கேக்க ஆள் இல்லன்னு ஏலத்த ரத்து பண்ணிட்டாங்க. ரத்து பண்ணினவனுக்கு ஒரு கும்பிடு போடணும்.

தண்ணி விஷயம் ஒன்னு விட்டுப்போச்சு, இத எந்த டூரிஸ்ட் கட்டுரையும் எழுதாது. பீஜப்பூர்ல பெரிய ஆறு கிடையாது, கரிசல் மண்ணும் பாறையும்தான். அவ்ளோ பெரிய தலைநகரம் அங்க எப்படி இருந்துச்சு? மேக்க தொர்வி கிராமத்துலருந்து பூமிக்கு அடியில சுரங்கம் வெட்டித் தண்ணி கொண்டு வந்தாங்க, அங்கங்க காத்துக்கும் தூர் வாரவும் மேலருந்து கிணறு மாதிரி துளை. தெக்க 1651ல பேகம் தலாப்னு ஏரி வெட்டி அங்கருந்து மண்குழாய் பதிச்சாங்க. குழாயில அழுத்தம் ஜாஸ்தியாகி வெடிக்காம இருக்கவும், வண்டல் கீழ தங்கிடவும் ஊர் முழுக்க கஞ்ச்னு சதுரமா தண்ணி கோபுரம் கட்டி வெச்சாங்க, இன்னும் தெருவுக்கு நடுவுல சிலது நிக்குது, ஜனங்க அத என்னன்னு தெரியாம அதுல போஸ்டர் ஒட்டுறாங்க. 1620ல கட்டின தாஜ் பாவ்டி இருக்கு, மக்கா வாசல் பக்கத்துல, பெரிய வளைவு வாசலும் ரெண்டு பக்கம் எட்டுப்பட்டைக் கோபுரமும் வெச்ச பெரிய படிக்குளம், 200 அடிக்கு மேல ஒரு பக்கம். சமாதியும் மசூதியும் ராஜா பேருக்கு, குளம் ஜனங்களுக்கு. எனக்கு அந்த ஊர்ல பிடிச்ச வேலை இந்தத் தண்ணி வேலைதான்.

சரி, "நமக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்ல" விஷயத்துக்கு வர்றேன்.

1636ல ஷாஜஹானோட ஒரு ஒப்பந்தம் ஆச்சு. அதோட பீஜப்பூருக்கு வடக்க கை நீட்ட வழி அடைஞ்சுபோச்சு, ஆனா வடக்கருந்து தொல்லையும் நின்னுச்சு. அப்ப படைக்கு என்ன வேலை? தெக்கால திரும்பினாங்க. கர்நாடக நாயக்கருங்க ஒவ்வொருத்தரா அடங்கி பெங்களூர் போச்சு, அதுல சிவாஜியோட அப்பா ஷாஜிக்கு ஜாகிர், அதாவது வரி வசூல் பண்ணிக்கிற நிலம் கிடைச்சுது, அப்படியே இறங்கி நம்ம பக்கம் வந்தாங்க. இங்க என்ன நிலைமைன்னா, வேலூர்ல விஜயநகர வம்சத்தோட கடைசி ராயர் மூணாம் ஸ்ரீரங்கர் பேருக்கு உக்காந்திருக்கார், மதுரை, தஞ்சாவூர், செஞ்சி மூணு நாயக்கருங்களும் அவர மதிக்கல, கோல்கொண்டா படை வேற கிழக்கருந்து இறங்குது. மதுரை திருமலை நாயக்கர் பீஜப்பூர உதவிக்குக் கூப்பிட்டார். வந்தாங்க. உதவிக்கு வந்த படையே கடைசில செஞ்சிக் கோட்டைய முற்றுகை போட்டுது. 1648 கடைசில கோட்டை விழுந்துச்சு, அதுக்கு அப்புறம் தஞ்சாவூரும் மதுரையும் பீஜப்பூருக்குக் கப்பம் கட்ட ஒத்துகிட்டாங்க. உதவி கேட்ட திருமலை நாயக்கரும் சேத்துத்தான்.

தேதியப் பாருங்க. முகம்மது ஆதில் ஷா காலம் 1627லருந்து 1656, திருமலை நாயக்கர் காலம் 1623லருந்து 1659. மதுரை மஹால் எழும்பின அதே காலத்துலதான் பீஜப்பூர்ல கோல்கும்பஸும் எழும்பிகிட்டு இருக்கு. அந்த மஹாலோட ஸ்வர்க்க விலாச மண்டபத்துல நின்னு அந்தக் குவிமாடத்தையும் வளைவையும் அண்ணாந்து பாத்தவங்க பீஜப்பூர் போனா ரொம்ப அந்நியமாத் தெரியாது. கும்பஸ்ல இருக்குற ஒவ்வொரு கல்லும் செஞ்சிக் காசுன்னு நான் சண்டைக்கு வரல சார். ஆனா அந்த ராஜ்யம் பணத்துல மிதந்த வருஷங்களும், தெக்க நாயக்க ராஜ்யங்கள்லருந்து கொள்ளையும் கப்பமும் போன வருஷங்களும் ஒன்னுதான், அத ஒதுக்கிட்டு கும்பஸ் பத்திப் பேச முடியாது. நம்ம விவசாயி குடுத்த வரியும் அந்தக் கணக்குல எங்கயோ இருக்கு.

அதோட நிக்கல. செஞ்சி 1649லருந்து 1677 வரைக்கும் பீஜப்பூர் கையில இருந்துச்சு, பாதுஷாபாத்னு பேரெல்லாம் வெச்சாங்க. வேலூர் கோட்டையும் அவங்க கைக்குப் போச்சு, 1678லதான் மராட்டியர் பிடிச்சாங்க, அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல முற்றுகை போட்டு. இப்ப பெரம்பலூர் மாவட்டத்துல இருக்குற வாலிகண்டபுரத்துல ஷேர் கான் லோடின்னு ஒரு பீஜப்பூர் அதிகாரி இருந்தார், கீழ கொள்ளிடம் வரைக்கும் அவரு வெச்சதுதான் சட்டம். 1673ல பிரெஞ்சுக்காரனுக்கு புதுச்சேரில இடம் குடுத்தது அவர்தான். வீக்எண்ட் ஆனா ஈசிஆர்ல கார எடுத்துட்டுப் போய் வெள்ளை டவுன் மஞ்சள் சுவத்துக்கு முன்னாடி நின்னு ரீல்ஸ் எடுக்குறவங்க யாருக்காவது தெரியுமா, அந்த இடத்துக்கு பெர்மிஷன் வந்தது ஆதில் ஷா அதிகாரிகிட்டருந்துன்னு?

தஞ்சாவூர எடுத்துக்கோங்க. மதுரைக்காரங்க தஞ்சாவூர் நாயக்கர ஒழிச்சு ஊரப் பிடிச்சிகிட்டாங்க. நாயக்கர் வாரிசுக்கு ராஜ்யத்த மீட்டுக் குடுன்னு பீஜப்பூர் சுல்தான் அனுப்பின தளபதிதான் ஏகோஜி, ஷாஜியோட இன்னொரு மகன், சிவாஜிக்கு மாத்தாந்தாய் பிள்ளை. வந்தார், மீட்டார், அப்புறம் 1676 வாக்குல தானே சிம்மாசனத்துல உக்காந்துட்டார். அந்த வம்சத்துல வந்தவர்தான் சரபோஜி, சரஸ்வதி மஹால் நூலகத்த வளத்தவர். அப்ப தஞ்சாவூர் மராட்டியர் ஆட்சியே பீஜப்பூர்லருந்து வந்த ஒரு உத்தரவுல தொடங்கினதுதானே? இதுக்கு மேல என்ன சம்பந்தம் வேணும்.

1686 செப்டம்பர்ல அவுரங்கசீப் பீஜப்பூர பிடிச்சார், கடைசி சுல்தான் சிக்கந்தர் பதினெட்டு வயசுப் பையன், அவர வெள்ளிச் சங்கிலி போட்டு ககன் மஹால்ங்கிற தர்பார் மண்டபத்துல அவுரங்கசீப் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினாங்கன்னு சொல்வாங்க. அதோட ஊர் காலி. 200 வருஷம் கேக்க ஆளில்லாமக் கிடந்துச்சு. 1885ல வெள்ளைக்காரன் மாவட்டத் தலைநகர அங்க கொண்டு வந்தப்ப பழைய மஹாலும் மசூதியும் ஆபீஸாவும் வீடாவும் ஆச்சு, கோல்கும்பஸுக்குப் பக்கத்துலயே இருக்குற மசூதிய பயணிகள் பங்களாவா வெச்சிருந்தாங்க, வைஸ்ராய் கர்சன் பிரபு வந்து பாத்துட்டுக் காலி பண்ணச் சொன்னார். கோல்கும்பஸ் முன்வாசல் நகார்கானாவுல, அதாவது முரசு மண்டபத்துல 1892ல மியூசியம் தொடங்கினாங்க, அது இன்னும் இருக்கு, உள்ள போக மறந்துடாதீங்க. ஹென்றி கசன்ஸ்னு ஒருத்தர் கட்டடம் கட்டடமா அளந்து வரைஞ்சு 1916ல வெளியிட்டார், இன்னிக்கு கைடு சொல்ற அடிக்கணக்கு பாதி அவரு அளந்ததுதான்.

இன்னொரு வேடிக்கை. 2025 ஜூலைல யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைங்கன்னு 12 கோட்டைய உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு, மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்குறது நம்ம செஞ்சி மட்டும்தான். எங்க ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். பீஜப்பூர் கட்டடங்க 2014லருந்து தக்காண சுல்தானகச் சின்னங்கள்னு தற்காலிகப் பட்டியல்லயே உக்காந்திருக்கு. கோனார் கட்டினார், நாயக்கர் ஆண்டார், சிவாஜி பிடிச்சார், தேசிங்கு ராஜா சண்டை போட்டார், இது எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். நாயக்கருக்கும் சிவாஜிக்கும் நடுவுல 28 வருஷம் யாரு இருந்தாங்கன்னு கேட்டா பதில் வராது. கோட்டைக்குள்ள இருக்குற சாதத்துல்லா கான் மசூதியக் காட்டி இது சுல்தான் கட்டினதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது ஆற்காடு நவாபு காலம், 1717 வாக்குல, பீஜப்பூர் அதுக்கு 30 வருஷம் முன்னாடியே போயே போச்சு.

அதனால சார், எனக்கு ரெண்டு கோரிக்கை. அந்த ரெண்டாவது பெரிய குவிமாடத்துக்கும் பாரா கமான் கொலைக் கதைக்கும் ஒரு சின்ன திருத்தம் போடுங்க, ஸ்கூல் பசங்க உங்க பேப்பரக் கத்தரிச்சு ப்ராஜெக்ட்ல ஒட்டுறாங்க. அடுத்த மாசம் செஞ்சிக் கோட்டை பத்தி எழுதப் போறதா அறிவிப்பு போட்டிருக்கீங்க, அதுல 1649லருந்து 1677 வரைக்கும் தாண்டிப் போயிடாதீங்க. சிவாஜியோட அப்பா ஷாஜிய பீஜப்பூர் தளபதி முஸ்தபா கான் கைது பண்ணினது 1648ல, செஞ்சிய முற்றுகை போட்டிருந்த பாசறையிலதான். அங்கருந்து ஆரம்பிச்சீங்கன்னா கட்டுரை தானா எழுதிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செஞ்சி.